நீரிழிவும் உடலின் உப்புக் கணக்கும்

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள், மூன்று வேளையும் உண்டு, போதிய தண்ணீர் குடித்து, வழக்கமான வேலையைச் செய்யும் ஒரு சாதாரண நாளைக் கணக்கில் கொண்டே எழுதப்படுகின்றன. திருநெல்வேலிச் சீமையில் எல்லா நாளும் சாதாரண நாளாக அமைவதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் கத்திரி வெயில் வாட்டுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் தண்ணீர் கெடுவதால் வரும் பேதியும் தொடர்கின்றன. இடையே ரமலான் நோன்பும் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் செல்லும் பாதயாத்திரையும் வருகின்றன. உடலிலுள்ள உப்புகளின் அளவு பெரும்பாலும் இத்தகைய நாட்களில்தான் தவறுகிறது. ஆகவே இங்கே கூறப்படும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி, உடல்நலம் நன்றாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியவையாகும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவு

ஆய்வகச் சீட்டில் ‘சீரம் எலக்ட்ரோலைட்ஸ்’ என்று அச்சிடப்படுவது, இரத்தத்தில் கரைந்துள்ள சோடியம், பொட்டாசியம், குளோரைடு முதலிய தாது உப்புகளின் அளவாகும். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரையும், பொட்டாசியம் 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரையும் இருப்பது இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சிறிது மாறலாம். சோடியம் குறைந்தால் மூளையும், பொட்டாசியம் கூடினாலோ குறைந்தாலோ இதயமும் தசைகளும், மெக்னீசியம் குறைந்தால் நரம்புகளும் தசைகளும் பாதிக்கப்படுகின்றன.

நீரிழிவில் இந்த அளவு தவறுவதற்கு மூன்று வழிகள் உண்டு. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடக்கும்போது சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விடத் தொடங்குவதும், அதனுடன் தண்ணீரும் உப்புகளும் சேர்ந்து வெளியேறுவதும் முதல் வழி. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரைகள் இரண்டாவது. பல ஆண்டு நீரிழிவினால் தளர்ந்துபோன சிறுநீரகம், கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் தேக்கிவைப்பது மூன்றாவது. இதற்கு மேல் உடலியல் இங்கே தேவையில்லை.

முதல் வேலை: மாத்திரைப் பட்டியல்

1. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே இடத்தில் பரப்பி வைக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்பட்டவை, தனியார் மருத்துவர் எழுதியவை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவை என மூன்றும் இதில் அடங்கும். ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இரண்டு இடங்களிலிருந்து வந்திருந்தால் அது வெளிப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

2. அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக உள்ள வணிகப் பெயரை விட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரைத் தாளில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவர்கள் மருந்தாளுநரிடம் கொடுத்து எழுதி வாங்கலாம்.

3. ஒவ்வொரு பெயரையும் கீழ்க்காணும் பிரிவுகளில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

அ. நீர் பிரிக்கும் மாத்திரைகள்: ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃப்யூரோசமைடு போன்றவை. இவை சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கும். இவை தனி மாத்திரையாக மட்டுமன்றி, இரத்த அழுத்த மாத்திரைக்குள் கலந்தும் வரும். வணிகப் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற ஒற்றை எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கிறது என்று பொருள். பலரும் கவனிக்கத் தவறும் எழுத்து இதுவே.

ஆ. பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை: டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன். முதல் நான்கும் நீரிழிவு உள்ளவரின் சிறுநீரகத்தைக் காப்பவை என்பதால், பொட்டாசியத்துக்கு அஞ்சி இவற்றைத் தாமாக நிறுத்துவது பெரும் தவறாகும்.

இ. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். காப்புரிமை முடிந்து முன்னது 2020-லும் பின்னது 2025-லும் விலை இறங்கியபின், ஒரு காலத்தில் பெருநகர மருத்துவமனைகளில் மட்டும் காணப்பட்ட இம்மருந்துகள் இப்போது சிற்றூர்க் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தருபவையே எனினும், உணவும் நீரும் உட்செல்லாத நாளில் உடலை வற்றச் செய்வதோடு, இரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் நிலையையும் உண்டாக்கக்கூடும்.

ஈ. மெட்ஃபார்மின்: உப்புகளை நேரடியாக மாற்றாது, ஆனால் தொடக்கத்தில் சிலருக்குப் பேதியை உண்டாக்கும். உடல் வற்றிச் சிறுநீரகம் தளரும்போது இது உடலில் தேங்கும்.

உ. வலி மாத்திரைகள்: டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென். முட்டுவலிக்கும் குறுக்குவலிக்கும் சீட்டு இல்லாமல் வாங்கப்படும் இவை, ‘அ’ பிரிவுடனும் ‘ஆ’ பிரிவுடனும் சேரும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகின்றன. ஐந்து பிரிவுகளிலும் தேவையற்ற தீங்கு மிகுதியாக விளைவது இதனால்தான்.

நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் உண்ணப்படும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் மெக்னீசியத்தைக் குறைக்கலாம் என்பதால், அவற்றையும் பட்டியலின் அடியில் எழுதிக்கொள்வது நல்லது.

4. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘பேதி, வாந்தி, கடும் காய்ச்சல் வரும் நாளில் தொடரலாம்’ அல்லது ‘நிறுத்தி வைக்க வேண்டும்’ என்று அவரையே எழுதச் சொல்ல வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு வருவது போதாது. நோயுற்ற நாளில் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருப்பார்.

5. அந்தத் தாளை மருந்துப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி, ஒரு நகலைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரத்தப் பரிசோதனை

உப்புகளின் அளவை அறிய வெறும் வயிறு தேவையில்லை. எனினும் அதே இரத்தத்தில் சர்க்கரையையும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் பொட்டாசியத்தின் எண்ணுக்குப் பொருள் கூற இயலாது.

1. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். ‘அ’, ‘ஆ’ பிரிவு மருந்து புதிதாகத் தொடங்கப்பட்டாலோ அளவு கூட்டப்பட்டாலோ, ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

2. இரத்தம் எடுக்கும்போது கையை இறுக மூடி மூடித் திறப்பதைத் தவிர்க்க வேண்டும். அவ்வாறு செய்தாலும், மேற்கையில் கட்டிய ரப்பர் பட்டை நெடுநேரம் இறுகியிருந்தாலும், பொட்டாசியம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

3. ஊரில் எடுத்த இரத்தம் பாளையங்கோட்டைக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ பேருந்தில் அனுப்பப்பட்டுப் பல மணி நேரம் கழித்துப் பரிசோதிக்கப்பட்டால், செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து எண் பொய்யாகக் கூடும். எதிர்பாராமல் பொட்டாசியம் கூடியிருந்தால், பரிசோதனை நடக்கும் இடத்துக்கே நேரில் சென்று அன்றே மறுபடி பார்ப்பது நல்லது. எண் 6-ஐத் தாண்டியிருந்தால் மறுபரிசோதனைக்காக வீட்டில் காத்திராமல், இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

4. சோடியம் குறைந்திருந்தால், முதலில் பக்கத்திலுள்ள சர்க்கரை எண்ணைப் பார்க்க வேண்டும். சர்க்கரை 100-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் சோடியம் சுமார் 1.6 குறைவாகத் தெரியும். சான்றாக, சர்க்கரை 400, சோடியம் 131 என்று சீட்டில் இருந்தால், கூடுதலான 300-க்கு 4.8 சேர்க்க, உண்மை நிலை ஏறத்தாழ 136 ஆகிறது. இத்தகையவர் உப்பை அள்ளிப் போட்டு உண்பதில் பயனில்லை. இறக்க வேண்டியது சர்க்கரையை.

பேதியும் வாந்தியும் வந்த நாளில்

1. சர்க்கரையை நான்கு மணிக்கு ஒருமுறை கருவியில் பார்த்து, நேரத்துடன் எழுதிக்கொள்ள வேண்டும்.

2. பெட்டி மூடியில் ஒட்டிய தாளை எடுத்து, மருத்துவர் குறித்தவாறு மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டும். பொதுவாக அ, ஆ, இ, ஈ, உ ஆகிய ஐந்து பிரிவுகளும் இத்தகைய நாளில் நிறுத்தி வைக்கப்படுபவை. ஆயினும் இதய நோய் உள்ளவர்களுக்கு முடிவு மாறலாம் என்பதாலேயே தாள் முன்கூட்டி எழுதப்படுகிறது. தாள் இல்லாதவர்கள் அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

3. இன்சுலின் போடுபவர்கள், சாப்பிடவில்லை என்ற காரணத்தால் அதை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், நிறுத்துவது ஆபத்து. மாறாக, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை உண்பவர்களுக்கு உணவு செல்லாத நிலையில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும்.

4. உப்புச் சர்க்கரைக் கரைசலாகிய ஓ.ஆர்.எஸ். கலக்க வேண்டும். கொதித்து ஆறிய நீரை ஒரு லிட்டர் குப்பியில் அளந்து, பெரிய பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கி, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

5. ஒவ்வொரு முறை பேதியானபின்னும் ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர், மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும்.

6. உணவை முழுதும் நிறுத்தாமல், நொய்க்கஞ்சியோ குழைந்த சோறும் மோருமோ சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

7. வழக்கம்போல் உண்ணவும் குடிக்கவும் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் கழிந்தபின், நிறுத்திய மாத்திரைகளைத் திரும்பத் தொடங்க வேண்டும். நிறுத்தியதை நினைவில் வைத்தவர்கள் தொடங்க மறப்பது மிகச் சாதாரணம். ஆகவே நிறுத்திய நாளிலேயே நாட்காட்டியில் குறித்துவைப்பது நன்று.

ஓ.ஆர்.எஸ். கலப்பதில் நேரும் தவறுகள்

லிட்டர் பொட்டலத்தைப் பிரித்து, அதில் ஒரு கரண்டியை மட்டும் தம்ளரில் போட்டுக் கலக்குவது பல வீடுகளிலும் நடக்கும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் பொடியில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இவை பொட்டலத்துக்குள் சீராகப் பரவியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கரண்டியில் வருவது உப்பா குளுக்கோஸா என்று கூற முடியாது. ஒரே ஒரு தம்ளர் வேண்டுமென்றால், 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சொம்பை லிட்டர் என்று கொள்வதும் தவறு. சொம்புகள் ஒரே அளவில் செய்யப்படுவதில்லை.

குளுக்கோஸ் இருக்கிறதே என்று அஞ்சி, நீரிழிவு உள்ளவர் ஓ.ஆர்.எஸ்ஸை மறுப்பது இன்னொரு தவறு. ஒரு தம்ளர் கரைசலில் உள்ளது 2.7 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. குடலில் சோடியம் உறிஞ்சப்படுவதற்கு அந்தக் குளுக்கோஸ் வேண்டும். அதற்காக, கோடைக்கு இதமாக இருக்கிறதென்று நாள்தோறும் குடிப்பதும் பொருந்தாது. ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ 1,725 மில்லிகிராம் சோடியம் உள்ளது. ஒரு நாள் முழுமைக்கும் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையே 2,000 மில்லிகிராம்தான்.

கடைகளில் அட்டைப் பெட்டியில் விற்கப்படும் பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. சர்க்கரை மிகுந்த அத்தகைய பானங்கள் அப்பெயரைத் தாங்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உறையில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

*குறிப்பு:* பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் விடிந்ததும் பொட்டலம் வாங்கிவிட வேண்டும்.

வெயில் காலமும் குடிபானங்களும்

வாழைத் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்கள் தண்ணீர் போதாமல் வற்றிப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களுக்கும் அதே நிலை நேரலாம். கணக்கு முடியும்வரை எழாமல் உட்காரும் வேலையில் தாகம் தள்ளிப்போடப்படுகிறது.

இதற்கு நேர்மாறான தவறு முதியவர்களிடம் காணப்படுகிறது. ‘அ’ பிரிவு மாத்திரை உண்டு, இரத்த அழுத்தத்துக்காக உப்பையும் அறவே ஒதுக்கிய ஒருவர், வெயிலுக்கு அஞ்சிப் பச்சைத்தண்ணீரை அளவின்றிக் குடிக்கும்போது, சோடியம் மேலும் நீர்த்துப்போகிறது. பேச்சில் தடுமாற்றம், பகல் முழுதும் உறக்கம், நடையில் தள்ளாட்டம், சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவை மெல்லத் தோன்றும். வீட்டார் இவற்றை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை பேரப்பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று மாற்றிச் சொன்னால், அது வயதினால் வந்ததன்று. அன்றே சோடியமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

பானங்களில், உப்பிட்ட நீர்மோர் பெரும்பாலோருக்கு ஏற்றது. நீராகாரமும் சோற்றைப் பிழிந்து நீரை மட்டும் குடித்தால் தீங்கில்லை. இளநீரில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பெரிய காய் ஒன்றில் இரண்டு வாழைப்பழத்தின் பொட்டாசியம் அடங்கியிருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இது நல்ல பானமே. ஆனால் கிரியாட்டினின் கூடியவர்களும், ‘ஆ’ பிரிவு மாத்திரை உண்டு பொட்டாசியம் 5-ஐத் தொட்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் குடிக்கக் கூடாது. சோடியம் போதாமையால், பேதிக்கு ஓ.ஆர்.எஸ்ஸின் இடத்தை இளநீர் நிரப்பாது.

பதநீர் பற்றி ஒளிவுமறைவின்றிக் கூற வேண்டியுள்ளது. பனையேறிகளின் உழைப்பில் இறங்கும் அந்தப் பானம் சத்துள்ளதே எனினும், அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் சர்க்கரை. ஒரு தம்ளரில் 20 கிராமுக்குக் குறையாத சர்க்கரை உட்செல்லும். கருப்பட்டியும் அதன் வற்றிய வடிவமேயாகையால், ‘இயற்கையானது, சுகருக்கு ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சை நம்பக் கூடாது. இளம் நுங்கு ஒன்றிரண்டு உண்பதில் அத்தகைய இடர் இல்லை.

உப்பு டப்பா

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பைக் கட்டுப்படுத்துவதே பொது விதி. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுக் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைவு என்று எண்ணி விலை கொடுத்து வாங்குவதில் பொருளில்லை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. 2025 ஜனவரியில் அதைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை அப்பரிந்துரையிலிருந்து விலக்கியது.

பொட்டாசியம் கூடியவர் என்று மருத்துவர் கூறியிருந்தால் மட்டும், உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காய் ஆகியவற்றைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைக்கும் சொதியில் இவ்வாறு வடிக்க வழியில்லாததால், அத்தகையவர்கள் அதன் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இந்தப் பத்தியைப் பின்பற்றத் தேவையில்லை.

நோன்பு, பாதயாத்திரை, அறுவைச் சிகிச்சை

நோன்பு தொடங்கச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரை நேரங்களை மாற்றி எழுதி வாங்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும். விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர் பலரின் கருத்து. பாதயாத்திரை செல்பவர்கள் கருவியையும் மாத்திரைத் தாளையும் தோள்பையில் கொண்டு, வெயில் ஏறுமுன் நடையை முடித்துக்கொள்ள வேண்டும். பெரிய அறுவைச் சிகிச்சை குறிக்கப்பட்டிருந்தால், ‘இ’ பிரிவு மாத்திரை உண்பதை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் தெரிவிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் வழக்கமாக மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தப்படுகின்றன.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத நிலைகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டையில் ஊரார் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று அழைக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே செல்ல வேண்டும்:

1. குடித்தது எதுவும் தங்காமல் நான்கைந்து மணி நேரம் வாந்தி தொடர்தல்.
2. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாதிருத்தல்.
3. சர்க்கரை இரண்டு முறை தொடர்ந்து 300-க்கு மேல் இருத்தல். அல்லது இனிப்புக் கொடுத்தும் 70-க்கு மேல் ஏறாதிருத்தல்.
4. குழப்பம், அரைமயக்கம், வலிப்பு.
5. கால்களில் திடீர்த் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, நாடி மிக மெதுவாக அடித்தல்.
6. ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல், வயிற்றுவலி. ‘இ’ பிரிவு மாத்திரை உண்பவருக்குச் சர்க்கரை 200 என்று இருந்தாலும் கீட்டோஅசிடோசிஸ் இருக்கக்கூடும் என்பதால், மாத்திரையின் பெயரைப் பணி மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும்.

இரவில் கெண்டைக்காலில் குரக்குவலி வருவது மட்டும் அவசர நிலையன்று. அடிக்கடி வந்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலப் பை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணியின் கீழ்க்கரையில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்கள் துண்டிக்கப்பட்டன. மருந்துக்கடைக்குச் செல்ல வழியில்லாமலும் குடிநீர் கலங்கியும் இருக்கும் அத்தகைய நாட்களுக்காக, ஐப்பசி பிறக்கும் முன் ஒரு பையைக் கட்டிவைக்க வேண்டும்.

1. இரண்டு வாரத்துக்கான மாத்திரைகள், நீர் புகாத உறையில்.
2. ஓ.ஆர்.எஸ். லிட்டர் பொட்டலம் பத்து, அளவு குறித்த ஒரு லிட்டர் குப்பி, குளோரின் மாத்திரைகள்.
3. சர்க்கரைக் கருவி, காலாவதியாகாத பட்டைகள், மாற்று மின்கலம், சர்க்கரை இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸ் பொடி.
4. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். வலி மாத்திரைகள் இந்தப் பையில் இடம்பெறக் கூடாது.
5. மாத்திரைத் தாளின் நகலும் கடைசி இரத்தப் பரிசோதனைச் சீட்டும்.

இன்சுலின் போடுபவர்கள், மின்சாரம் நின்றால் குப்பியை உறையிலிட்டு ஒரு சிறு கலயத்தில் வைத்து, அக்கலயத்தை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இறக்கி, நிழலில் வைக்கலாம். பயன்பாட்டிலுள்ள குப்பி கடும் வெப்பம் படாதிருந்தால் வழக்கமாக நான்கு வாரம் தாங்கும் என்பதால், மின்சாரம் போன உடனேயே அதை எறிந்துவிட வேண்டியதில்லை. மாத்திரைகளும் பட்டைகளும் பையிலேயே கிடந்து காலாவதி ஆகாமலிருக்க, மாதந்தோறும் புதிதாக வரும் அட்டைகளைப் பைக்குள் வைத்து, பையிலுள்ள பழையவற்றை எடுத்து உண்டுவர வேண்டும்.